ஒற்றை வெள்ளைக் கூழாங்கல்

கடம்பவர்மர் ஆண்ட நாட்டில் பஞ்சம் இல்லை, படையெடுப்பு இல்லை. ராஜாவின் பாட்டு மட்டும் இருந்தது.

பௌர்ணமிதோறும் அவர் பாடுவார், சபை கேட்கும். அதைத் தினமும் வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை வந்துவிட்டது. "என் பாட்டு பிடித்திருக்கிறதா என்று கேட்டு வாருங்கள். பிடித்திருந்தால்தான் பாடுவேன்," என்றார் பெருந்தன்மையாக.

மந்திரி தாண்டவராயர் நாலு வாள்வீரர்களோடு சபையோர் வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டு வந்தார். "கேட்டவர் அத்தனை பேரும் தேன் என்கிறார்கள், மகாராஜா!"

அரசவை விகடர் மேனிநாதர் இருமினார். அவர் அரண்மனைக் கல்லூரியில் பாடமும் நடத்திவந்தார். ஜனங்கள் மனதில் இருப்பதைக் கேட்டறிவது எப்படி, கிடைத்த பதில்களை அலசிப் பார்ப்பது எப்படி என்பதுதான் பாடம். இதற்கெல்லாம் ஒரு கல்லூரியா என்று மந்திரிக்கு நெடுநாளாக எரிச்சல்.

"இருமுகிறீரே, உம் மாணவர்களும் கேட்டு வரட்டும்," என்றார் ராஜா. "மந்திரி சொன்னதையே சொன்னால் கல்லூரி எதற்கு? மூடிவிடலாம். வேறு சொன்னால் என் கண்முன் நிரூபிக்க வேண்டும்."

மேனிநாதருக்கு அந்தப் பிள்ளைகள் மேல் உயிர்.

மாணவர்கள் வாடிய முகத்தோடு திரும்பினார்கள். "எங்களிடமும் தேன் என்றுதான் சொல்கிறார்கள் ஐயா."

"எதைக் கட்டிக்கொண்டு போனீர்கள்?"

"அரண்மனைத் தலைப்பாகை."

"பிறகென்ன? அவர்கள் தலைப்பாகைக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை."

மறுநாள் கதவு மூடிய ஓர் அறையில் பானை ஒன்று வைக்கப்பட்டது. பாட்டுக் கேட்ட சபையோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கூழாங்கற்கள். பிடித்திருந்தால் வெள்ளை, பிடிக்காவிட்டால் கறுப்பு. தனியாகப் போய் ஒன்றைப் பானையில் போட்டுவிட்டு, மற்றதை உள்ளே இருக்கும் கிணற்றில் எறிந்துவிட வேண்டும்.

"தாங்களும் போட வேண்டும், மகாராஜா," என்றார் மேனிநாதர். "எல்லாரையும்விட அதிகம் கேட்டவர் தாங்கள்தானே."

ராஜா மகிழ்ச்சியாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். மேனிநாதரும் போட்டார்.

சபை நடுவே பானையைக் கவிழ்த்தார்கள். கறுப்பாகக் கொட்டியது. கடைசியில் ஒரே ஒரு வெள்ளைக் கல் உருண்டு வந்து நின்றது.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றினார். "வெள்ளைக் கல்லைப் போட்ட ரசிகர் யார்? இது அவருக்கு."

"நான்தான் மகாராஜா!" என்று முதலில் எழுந்தவர் தாண்டவராயர். அடுத்துச் சேனாதிபதி எழுந்தார். "நான்தான்!" புரோகிதரும் எழுந்தார். ஒரே நிமிடத்தில் சபையில் உட்கார்ந்திருந்தவர் மேனிநாதர் ஒருவர்தான்.

ராஜா அந்தக் கல்லைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதைப் போட்டது நான்," என்றார்.

எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தாண்டவராயர் தம் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேனிநாதரே, நீராவது உண்மையைச் சொல்லும். என் பாட்டு எப்படி?"

மேனிநாதர் கைகட்டி எழுந்து நின்றார். "தேன், மகாராஜா."

"என்ன?"

"நேரில் கேட்கிறீர்களே. பானையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், உண்மையைச் சொல்கிறேன்."

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முத்துமாலை கல்லூரிக்குப் போனது. அந்தப் பௌர்ணமிக்கு ராஜாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த பௌர்ணமிக்கும்தான்.