அடைக்கோழியின் காயம்

குன்றடியில் ஒரு சின்ன மடம். அங்கே குருவாக இருந்தவள் வெள்ளையம்மை. வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. சீடர் திருமலைக்கொழுந்துக்கு அறுபது. அவள் அவரை அய்யா என்பாள், அவர் அவளைத் தாயே என்பார். இரண்டு பேருக்குமே அதில் கூச்சம் கிடையாது.

கொழுந்துக்கு மனசில் ஒரு புண். அம்மா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுக்கத் தம்பி வரவில்லை. மடத்துக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லிவிடுவார். பால்காரம்மாள்கூட இப்போதெல்லாம் செம்பை வாசலில் வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுகிறாள்.

அன்று சாயங்காலமும் ஒரு வழிப்போக்கரைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கோழிக்கூட்டைச் சாத்துவது அவர் வேலை. சாத்தவில்லை. கீரி புகுந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடினார்கள். அடைக்கோழி முட்டைகளின் மேலேயே கிடந்தது. முதுகுத்தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. ஆனால் ஒரு முட்டைகூட உடையவில்லை. பொரிக்க இன்னும் இரண்டே நாள்.

"என்னாலதான் தாயே."

"பொறவு அழலாம். தூக்குங்க."

தூக்கி நெஞ்சோடு அணைத்தார். "பயப்படாத கண்ணு" என்று குனிந்து கொஞ்சினார். கோழியின் இதயம் அவர் விரலில் தடதடவென்று ஓடியது.

"கொஞ்சாதீங்கய்யா. மேலயிருந்து குனியிற முகம் அதுக்குப் பருந்து."

துண்டால் அதன் தலையை மூடினாள். இருட்டானதும் கோழி அடங்கியது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசினாள்.

கொழுந்து அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றப் போனார்.

"மூச்சுக்குழாய்ல போயிரும். அலகு நுனிய நனைங்க. வேணும்னா அதுவே குடிக்கும்."

மூன்றாவது முறை நனைத்தபோது குடித்தது. முட்டைகளின் மேல் உட்காரவைத்துக் கூடையால் மூடினார்கள்.

காலையில் கொழுந்துக்கு மனசு கேட்கவில்லை. தனியாகக் கிடந்து ஏங்குமே, சொந்தபந்தத்தோடு கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று கூடையைத் தூக்கி, அதை மற்றக் கோழிகளோடு விட்டார். அது இரண்டு வாய் இரை எடுத்து இறகை உதறியது. மஞ்சள் உதிர்ந்து சிவப்புத் தெரிந்தது. ஒரு கோழி வந்து புண்ணில் கொத்தியது. பார்த்துவிட்டு இன்னும் நாலு வந்தன.

கொழுந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். "கூடப் பொறந்ததுகதானே நீங்க, பாவிகளா."

"அதுகளை ஏன் வையுதீங்க?" என்று குரு வந்தாள். "சிவப்பைக் கண்டா கோழி கொத்தும். கொண்டுபோய்க் காட்டினது யாரு?"

அவர் விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

மறுபடியும் கழுவினாள். துளிச் சிவப்பும் தெரியாதபடி இந்த முறை கனமாகப் பூசி, முட்டைகளின் மேல் திரும்ப உட்காரவைத்துக் கூடையால் மூடினாள். அன்று முழுக்கக் கொழுந்து கூடையைவிட்டு நகரவில்லை. நாலு தடவை திறந்து பார்த்தார். ஐந்தாவது தடவை குரு கூடைமேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

"தாயே, என் புண்ணு எப்ப ஆறும்?"

"இது பொழைக்குமான்னே தெரியலய்யா. மொதல்ல இதைப் பாப்போம்."

மறுநாள் விடிந்தபோது கூடைக்குள் அசைவில்லை. கல்லைத் தொடப் போன கொழுந்து அப்படியே நின்றார்.

உள்ளே, தொண்டைக்குள்ளேயே சொல்வதுபோல, கோழி மெதுவாக ஒரு சத்தம் கொடுத்தது. அதற்கும் கீழே எங்கிருந்தோ மெல்லிய கீச்சொலி ஒன்று பதில் சொன்னது. கோழி கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தது. மறுபடி பதில் வந்தது.

"பொரிஞ்சிருச்சு தாயே."

வெள்ளையம்மை கூடையை இரண்டு விரற்கடை தூக்கி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். "இல்ல. ஒரு ஓட்டுலயும் கீறல்கூட விழல."

"அப்போ பேசுறது யாரு?"

"உள்ள இருக்கிறதுதான்."

கொழுந்துக்கு உடம்பு சிலிர்த்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பொறக்காததுகிட்ட இது என்ன சொல்லும் தாயே? முதுகு கிழிஞ்சதைச் சொல்லுமா?"

"காது வச்சுக் கேளுங்கய்யா. கேட்டுட்டு எனக்கும் சொல்லுங்க."

கொழுந்து தரையில் படுத்துக் கூடையோடு காதை வைத்தார். வெயில் முதுகில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தபின், செம்போடு வந்த பால்காரம்மாளிடம்கூடத் தம்பி பேச்சை எடுக்கவில்லை.