வேனுக்குப் பின்னால் யாருமில்லை

"பின்னாடி எடுறா, இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டுப் போடா!" என்று கத்தினார் பேக்கரி முதலாளி தனபாலன்.

டிரைவர் ஆரோக்கியம் அண்ணன் எடுக்கவில்லை. போன வாரம் ரிவர்ஸில் பால்வாடிக் குழந்தை ஒன்று மயிரிழையில் தப்பியிருந்தது. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ரொட்டி வேனின் பின்கண்ணாடியைத் தகரத்தால் மூடி, அதில் தன் படத்தை வரைய வைத்திருந்தார் முதலாளி.

"ஒரு கேமரா மாட்டுங்க முதலாளி."

"லாரி ஓட்டிப் பொழச்சவன்டா நான். சைடு கண்ணாடி போதும்."

"அப்ப நீங்களே ஏறுங்க. பின்னாடி என்ன இருக்குன்னு சரியா சொல்லுங்க, எடுக்கறேன்."

ஏறினார். சாவி அண்ணன் சட்டைப்பையிலேயே இருந்தது. முதலாளி இரண்டு கண்ணாடியிலும் பார்த்தார். கழுத்தை வெளியே நீட்டியும் பார்த்தார்.

"ஈ காக்கா இல்ல. எடு!"

"இறங்கி வந்து பாருங்க முதலாளி."

வந்தார். தகரத்தை ஒட்டி, பேரனை இடுப்பில் வைத்தபடி முதலாளியம்மா நின்றிருந்தார். அண்ணன் கேட்டுக்கொண்டதால்தான் நின்றார்.

"ஈ காக்கா இல்லையாங்க?" என்றார் முதலாளியம்மா.

ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. முதலாளி பேரனைப் பார்த்தார், வேனைப் பார்த்தார்.

"சரிடா, கேமரா அப்புறம் பாத்துக்கலாம். அவளை நகரச் சொல்லு. வண்டியைப் பின்னாடி எடு."

அண்ணன் முதலாளியம்மாவை நகரச் சொல்லவும் இல்லை, வண்டியை எடுக்கவும் இல்லை.