ஓடிப்போனான்

தீட்சைப் பெயர் கேட்டு மடத்துக்கு வந்தவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் பலவேசம். அது குலசாமி பெயர்; சாமி தயவில் அந்த ஊரில் ஒன்பது பலவேசம் இருந்தார்கள். அதனால் பட்டப்பெயர்தான் பெயர். மூக்குப்பொடி, அரைமீசை, ஒட்டடை. இவன் ஓடிப்போனான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் குளம் நிரம்பியபோது தெற்கு மடையில் காவலுக்கு நின்றவன் இவன். கரை விரிசல் விட்டதும் யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடிவிட்டான். தெற்கு வயலில் அந்த வருஷம் ஒரு நெல்மணி மிஞ்சவில்லை. அன்றைக்கு வைத்த பெயர்.

மடத்து அம்மா அவனைவிடப் பத்து வயது இளையவள்.

“எனக்கு வேற பேரு வச்சு விடுங்கம்மா. அஞ்சு வயசுப் பேத்திகூட அந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்கா. தாங்க முடியல.”

அப்போது வாசலில் ஒருத்தி தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள்.

“கரிச்சட்டியம்மா, மோர் இருக்கா?”

“இருக்கு, வா தாயி.”

அம்மா ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். பலவேசத்துக்குப் பொறுக்கவில்லை.

“உங்களைப் போயி அப்படிக் கூப்பிடுதாளே?”

“நான் வந்த வருசம் குருபூசைச் சோத்தை அடிப்பிடிக்க விட்டுட்டேன். ஊரே பசியோட திரும்பிப் போச்சு.”

“அது பழைய கதையில்லா?”

“ஆமா. இப்ப மோர் கேட்டு வாராவ.”

ஆறுதல் தேடி வந்தவனுக்கு மோர்க்கதை எதற்கு? அவன் விடுவதாக இல்லை. அம்மா நெற்றியில் நீறு பூசி, ஞானசிவம் என்று பெயர் வைத்தாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஐப்பசி மழையில் குளம் தளும்பியது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று மத்தியானமே கரையில் கூடினார்கள். முறை சொல்லும் கொம்பையா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அந்த இடத்துக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். பக்கத்து மடைக்காரன்தான் இரண்டையும் பார்க்க வேண்டும்.

“மூக்குப்பொடி, வடக்கு மடை!”

“இருக்கேன்.”

“ஓடிப்போனான், தெற்கு மடை!”

ஞானசிவம் வாயைத் திறக்கவில்லை.

“ஓடிப்போனான் இருக்கானா?”

யாரோ சிரித்தார்கள். அவன் தலை குனிந்தான். கரைக்குக் கீழே, தெற்கு வயலில் நட்டு இருபது நாளான பயிர் நின்றது.

கொம்பையா மூன்றாம் தரம் கூப்பிட்டார்.

நாலாம் நாள் மழை விட்டது. ஈரத்தில் ஊறி வெளுத்த காலோடு அவன் மடத்துக்கு வந்தான்.

“கரை நின்னுட்டும்மா. ஆனா நீங்க வச்ச பேரைச் சொல்லி ஒருத்தனும் கூப்பிடல. ‘ஓடிப்போனான் இருக்கானா’ன்னு கொம்பையா ஊர் முன்னால கத்துதாரு. மானம் போச்சு.”

“நீங்க என்ன சொன்னிய?”

“இருக்கேன்னு சொன்னேன்.”

அம்மா ஒரு தம்ளரில் மோர் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“பன்னிரண்டு வருசமா ஊரு கேட்டுக்கிட்டு இருந்தது அதைத்தான், அண்ணாச்சி.”