பின்னால் வரும் வேன்

"கோச், என் சைக்கிளுக்கு ஏதோ தோஷம் இருக்கு," என்றார் பூவராகன்.

ஜெசிந்தா டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லல. நாலு ரேஸ். நாலுலயும் பாதியில நின்னுட்டேன்."

"சொல்லுங்க சார்."

பூவராகனுக்கு நாற்பத்தாறு வயது. சேலத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியதால் சைக்கிள் வாங்கினார். ஓட்ட ஓட்டப் பயம் போய் ஆசை வந்துவிட்டது.

ஜெசிந்தாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. மாநிலத்துக்காக ஓட்டியவர். இப்போது விடியற்காலையில் பைபாஸ் சாலையில் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோருமே வயதில் பெரியவர்கள். அவர்களை 'சார்', 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். அதற்கு மேல் அதிகம் பேச மாட்டார்.

"முதல் ரேஸ்ல மேடு ஆரம்பிச்சதுமே செயின் கழண்டு நடுவுல சிக்கிக்கிச்சு. இழுத்தா வரல. ரெண்டாவதுல பஞ்சர். வேற டியூப் வச்சிருந்தேன். அதுலயும் ஓட்டை. மூணாவதுல நாய்."

"நாயா?"

"குறுக்க ஓடி வந்துச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு முழங்கை போச்சு, சைக்கிளுக்கு கியர் போச்சு. நாலாவதுல சீட்டு தானா கீழ இறங்கிடுச்சு. முழங்கால் வந்து நெஞ்சுல இடிக்குது. எப்படி ஓட்டறது?"

ஜெசிந்தா டயரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஓரமா உட்கார்ந்தேன். பாதியில நின்னவங்களை ஏத்தற வேன் பின்னால வந்துச்சு. ஏறிட்டேன்."

"நாலு தடவையுமா?"

"நாலு தடவையும்."

பூவராகன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்ல சிரிக்கறாங்க கோச். நான் கிளம்பும்போதே என் பொண்ணு, 'இன்னைக்கு எத்தனை மணி வேன்ல வருவீங்கப்பா'ன்னு கேக்கறா. சைக்கிளை மாத்தணுமா, இல்ல நான் இதோட நிறுத்திக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் சரி."

"ஞாயித்துக்கிழமை ஏற்காடு ரேஸ் இருக்கு," என்றார் ஜெசிந்தா.

"பேர் கொடுத்திருக்கேன்."

"வாபஸ் வாங்கிடுங்க. வேன்ல ஒரு ஆள் வேணும்னாங்க. நீங்க போங்க."

"வேன்லயா? நான் எதுக்கு?"

"சைக்கிள் ஏத்தறதுக்கு."

அவ்வளவுதான். அவர் அடுத்த டயருக்குப் போய்விட்டார்.



ஞாயிறு காலை பூவராகன் அடிவாரத்துக்குப் போனார். அவருக்கு ஒரு பச்சைச் சட்டை கொடுத்தார்கள். வேன் என்றார்களே தவிர அது மினி லாரி. பின்னால் இரண்டு பெஞ்சு போட்டு, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஓட்டுநர் பெயர் ஜாபர்.

வேலை சுலபமானது. கடைசி ஆளுக்குப் பின்னால் மெதுவாகப் போக வேண்டும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். பதினொரு மணிக்குப் போலீஸ்காரர்கள் சாலையைப் பஸ், கார்களுக்குத் திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் சாலையில் இருப்பவரிடம் சட்டையில் குத்தியிருக்கும் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நம்பர் போனால் அவர் ரேஸில் இல்லை.

கொடி அசைத்தார்கள். எல்லோரும் போனார்கள். வேன் கிளம்பியது.

முதல் ஆள் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே கிடைத்தார். பெரிய மீசைக்காரர். செயின் அறுந்து கையில் தொங்கியது.

"நேத்துதாங்க மாட்டினேன். புதுசு!"

பூவராகன் சைக்கிளை ஏற்றினார்.

அடுத்து ஒரு கல்லூரி மாணவி. பிரேக் கட்டை சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அது தெரியாமல் நான்கு வளைவு மிதித்திருக்கிறாள்.

"நான் வீக்காயிட்டேன்னு நினைச்சு அழுதுகிட்டே மிதிச்சேன் அங்கிள்."

அதற்கு அடுத்து ஒரு பல் டாக்டர், நிகேஷ். முப்பது வயதிருக்கும். காரைவிட விலை அதிகம் என்று சொல்லத் தக்க சைக்கிள். கல் கிழித்ததில் பின் டயர் பக்கவாட்டில் வாய் பிளந்திருந்தது. டாக்டர் வேனில் ஏறியதும் ஹெல்மெட்டை மூலையில் எறிந்தார்.

"ஆறு மாசம் சார். ஆறு மாசமா காலையில நாலு மணிக்கு எழுந்திருக்கேன். ஒரு கல்லு!"

பூவராகன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். 'அட, எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது' என்று அவருக்குத் தோன்றியது. மனசு லேசானது. இதைக் காட்டத்தான் கோச் அனுப்பியிருக்கிறார், பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்ல வேண்டும்.

ஜாபர் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். இருவரும் சப்பிக்கொண்டே போனார்கள்.

ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் கடைசி ஆளைப் பார்த்தார்கள்.

அது ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். சைக்கிள் ஒரு மாதிரி விட்டு விட்டுப் போனது. வேன் பக்கத்தில் போனதும்தான் காரணம் தெரிந்தது. வலது பக்கம் பெடல் இல்லை. இடது காலைப் பெடலோடு பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த ஒரு காலாலேயே அழுத்தி, அந்த ஒரு காலாலேயே மேலே இழுத்தார். வலது கால் சும்மா தொங்கியது.

"மேடம், என்ன ஆச்சு?"

"மரை போயிடுச்சு," என்றார் அந்தப் பெண். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். கழன்ற பெடல் அதில் துருத்திக்கொண்டிருந்தது. "மாட்டினா நிக்க மாட்டேங்குது."

"ஏறிக்குங்க மேடம். இடம் இருக்கு."

"இல்லைங்க, பரவாயில்ல."

அவர் பெயர் அம்சவேணி. ஆத்தூரில் கணக்கு டீச்சர். நம்பர் சீட்டிலேயே பெயர் போட்டிருந்தது. மற்றதை அவரே, மூச்சு வாங்கும் இடைவெளியில், பூவராகன் கேட்டதற்குச் சொன்னார்.

வேன் அவருக்குப் பின்னால் ஊர்ந்தது.

மேடு அதிகமான இடங்களில் இறங்கித் தள்ளினார். கொஞ்சம் சமமானதும் ஏறி ஒற்றைக் காலால் மிதித்தார். பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் அவரை விட்டுவிட்டு வேனைப் பார்த்தன.

அரை மணி நேரம் போனது. தார்ப்பாய்க்குக் கீழே புழுங்கியது.

"இந்த அம்மா எப்ப ஏறுவாங்க?" என்றார் மீசைக்காரர். "மேல சாப்பாடு முடிஞ்சிடும்."

"ஏற மாட்டாங்க போல," என்றார் ஜாபர்.

"பெடல்ல மட்டும் இல்ல, வேற எங்கயோவும் மரை கழண்டிருக்கு," என்றார் மீசைக்காரர்.

மாணவி சிரித்தாள். டாக்டர் நிகேஷ் சிரிக்கவில்லை. தார்ப்பாயை ஒதுக்கிவிட்டு முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினான்காவது வளைவுக்குப் போகும்போது மேலேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. ஜாபர் மணியைப் பார்த்தார். பதினொன்று தாண்டிவிட்டது.

"சார், நீங்கதான் போய்ச் சொல்லணும்."

பூவராகன் கதவைத் திறந்தார், ஆனால் இறங்கவில்லை. நான்கு முறை அவரே நம்பரைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். வாங்குவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

இறங்கிப் போனார்.

"மேடம்."

அம்சவேணி நின்றார். இடது காலைப் பட்டையிலிருந்து விடுவிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கெண்டைக்கால் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"டைம் முடிஞ்சிடுச்சு மேடம். ரோடு திறந்துட்டாங்க. எனக்குச் சொல்லவே ஒரு மாதிரி இருக்கு. அந்த நம்பர்..."

"நம்பர் வேணுமா?"

"ஆமாங்க."

அவர் கோபப்படவில்லை. கெஞ்சவுமில்லை. சட்டையிலிருந்து ஒவ்வொரு ஊக்காகக் கழற்றினார். ஊக்குகளைச் சீட்டிலேயே திரும்பக் குத்தி, சீட்டை ஒழுங்காக மடித்து, பூவராகன் கையில் கொடுத்தார்.

"இந்தாங்க."

"ரொம்ப நன்றி மேடம். வாங்க, சைக்கிளை நான் ஏத்தறேன்."

பூவராகன் சைக்கிளைப் பிடிக்கக் கை நீட்டினார்.

அம்சவேணி ஏற்கெனவே பட்டையை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், ரேஸ் முடிஞ்சுதுங்க."

"ஆமா. நம்பரைக் கொடுத்துட்டேனே."

"அப்புறம் எங்க போறீங்க?"

"மேல."

ஒரு அழுத்து அழுத்தினார். சைக்கிள் ஆடி, நேரானது, போனது.

பூவராகன் நம்பர் சீட்டோடு நடு ரோட்டில் நின்றார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்ததும்தான் ஓரத்துக்கு வந்தார்.

"சார், வந்து ஏறுங்க," என்று கூப்பிட்டார் ஜாபர். "நம்பர் வாங்கியாச்சுல்ல? நம்ம வேலை முடிஞ்சுது. மேல போய்ச் சாப்பிடலாம்."

பூவராகன் ஏறப் போகும்போது டாக்டர் நிகேஷ் பின்னாலிருந்து குதித்தார்.

"சார், என் சைக்கிளை இறக்குங்க."

"டயர் கிழிஞ்சிருக்கே டாக்டர். எப்படி ஓட்டுவீங்க?"

"ஓட்டல."

இறக்கிக் கொடுத்தார். டாக்டர் தன் நம்பரைப் பிய்த்து எடுத்தார். ஊக்கு சட்டையைக் கிழித்தது. சீட்டைப் பூவராகனிடம் கொடுத்துவிட்டு, கிழிந்த டயர் சாலையில் பட் பட்டென்று அடிக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"டாக்டருக்கும் கழண்டுடுச்சு," என்றார் மீசைக்காரர்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வேன் இருவரையும் தாண்டிப் போனது.

மேலே பரிசளிப்பு முடிந்திருந்தது. வரவேற்பு வளைவின் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பூவராகன் சைக்கிள்களை இறக்கினார். நம்பர்களை ஒப்படைத்தார். தக்காளி சாதம் கொடுத்தார்கள். நின்றுகொண்டே பாதி சாப்பிட்டார். சாலையைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

ஜாபருக்கு மதியம் வேறு சவாரி இருந்தது. கிளம்பினார்கள்.

இறங்கும் வழியில், கடைசி வளைவுக்குச் சற்றுக் கீழே, அவர்களைப் பார்த்தார்கள். அம்சவேணி ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பக்கத்தில் தள்ளிக்கொண்டு நடந்தார். டீச்சர் எதையோ சொல்ல, டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இருவரும் வேனைக் கவனிக்கவில்லை.

பூவராகன் கையசைத்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.



மறுநாள் விடியற்காலை ஜெசிந்தா பைபாஸில் ஒருவருடைய சைக்கிள் சீட்டின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"போயிட்டு வந்தேன் கோச்," என்றார் பூவராகன். அன்று அவர் சைக்கிள் கொண்டுவரவில்லை.

"சொல்லுங்க சார்."

"எல்லார் சைக்கிளுக்கும் ஏதாவது ஆகத்தான் செய்யுது. செயின், பிரேக், டயர். எனக்கு மட்டும் இல்ல. புரிஞ்சுது."

"அது வேனைப் பார்த்தாலே தெரியுமே சார். பெஞ்சு போட்டிருக்காங்கல்ல."

பூவராகன் பிறகு அம்சவேணியைப் பற்றிச் சொன்னார். பெடலைப் பற்றி, பட்டையைப் பற்றி, ஊக்குகளைக் கழற்றியதைப் பற்றி. டாக்டர் குதித்ததையும் சொன்னார். ஜெசிந்தா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மேல போய்ச் சேர்ந்தாங்களா?"

"சேர்ந்திருப்பாங்க. நாங்க இறங்கும்போது பக்கத்துல வந்துட்டாங்க."

"டாக்டர் இறங்கிப் போனாரு."

"ஆமா கோச்."

"நீங்க?"

"எனக்கும் இறங்கணும்னு இருந்துச்சு. சத்தியமா. அவர் குதிச்சாரு பாருங்க, அப்ப எனக்கு உடம்பே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேலையும் முடிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா நான் எப்படிப் போறது? என்கிட்ட சைக்கிள் இல்லையே."

ஜெசிந்தா குனிந்து அவருடைய கால்களைப் பார்த்தார்.

பூவராகனும் பார்த்தார்.