நான்காவது மிதவை

உப்பங்கழியில், படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி மிதவைகளைச் சுற்றி வரும் நீர்ச்சறுக்குப் போட்டியில் மூன்று வருஷமாக நான்காவது மிதவையிலேயே விழுந்துகொண்டிருந்தாள் பிலோமினா. போட்டியை நடத்தும் கிளப்பில் படகு கழுவுகிறவள். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. ஐந்தாவது மிதவையைக் கரையிலிருந்து பார்க்கும்போதெல்லாம் பசி மாதிரி ஒன்று வயிற்றைக் கிள்ளும்.

இந்த வருஷமும் பெயர் கொடுக்கப் போனாள். கிளப் தலைவர் தண்டபாணி, அந்தக் காலத்துச் சாம்பியன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறவர், எல்லார் முன்னாலும் காகிதத்தை நீட்டினார்.

"இனிமே விழமாட்டேன்னு எழுதிக் கொடும்மா. பேரைச் சேர்க்கிறேன்."

"எழுதறேங்க ஐயா. நீங்க விழுந்ததே இல்லீங்களா?"

"ஒரே தடவை. அதுவும் நடுக்கழியில."

"விழுந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வாங்க? விறுவிறுன்னு நீந்திக் கரைக்கு வந்தேன்!"

படகோட்டி அந்தோணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ஏன் ஐயா, இழுத்துட்டுப் போன படகு உங்களை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுச்சா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விழுந்தவர் தண்ணீருக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினால் படகே திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளும். ஒரு நாள் சறுக்கியவருக்குக்கூட அது தெரியும்.

"விழுந்தா கையைத் தூக்குவேன்னு வேணா எழுதித் தரேங்க ஐயா" என்றாள் பிலோமினா.

தலைவர் தலை குனிந்தபடி அவள் பெயரை எழுதினார்.

போட்டியன்று நான்காவது மிதவையைச் சுற்றி வந்துவிட்டாள். ஐந்தாவதுக்கு ஒரு முழம் இருக்கையில் கயிறு கையிலிருந்து நழுவியது. நுரை அடங்குவதற்குள் அவள் கை மேலே எழுந்தது. படகு திரும்பி வந்து நிற்கும்வரை ஐந்தாவது மிதவையையே பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தாள்.