கருவாட்டுச் சந்தின் பெயர்

ஒரு காலத்தில் கப்பல் வந்துபோன கடலோர ஊர் ஒன்று இருந்தது. அங்கே தெருப் பெயர்களை எழுதிக்கொள்ள ஒரு பதிவேடு வந்தது. அதற்கு ஒரே விதி. ஊர்க்காரர் இரண்டு பேராவது ஒரே பெயரைச் சொன்னால் எழுதும். எழுதாத வழி, வழியே இல்லை. பக்கத்து மனைக்காரர் வளைத்துக்கொள்ளலாம்.

முதலில் கோட்டைத் தெரு நெஞ்சை நிமிர்த்தி வந்தது. கோட்டை இருந்ததற்கு அங்கே ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆனாலும் பத்துப் பேர் கை தூக்கினார்கள். அடுத்தது, கப்பல் தலைவன் பேரைச் சொல்லிக்கொண்டு கப்பித்தான் தெரு. எந்தக் கப்பித்தான் என்று பதிவேடு கேட்டது. பெரிய கப்பித்தான் என்றது தெரு, அங்கே குடியிருந்த நாலு பேரும் அதையே சொன்னார்கள். பதிவேடு எழுதிக்கொண்டது.

கடைசியாகக் கருவாட்டுச் சந்து வந்தது. கடற்கரையிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு அதுதான் குறுக்கு வழி. மீன்கூடை சுமக்கும் பெண்கள் அதில் ஓடித்தான் முதல் பஸ்ஸைப் பிடிப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே பங்களாவின் மதில்கள். நடுவில் கிடக்கும் சந்தை எப்போது விழுங்கலாம் என்று அவை பார்த்துக்கொண்டே இருந்தன.

சந்து தன் பெயரைச் சொன்னது. அது சொன்னால் செல்லாது, அதில் நடக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றது பதிவேடு.

நடக்கிறவர்கள் கூடினார்கள். வந்திருப்பது வெளியூர்ப் பதிவேடு, நாளைக்கு அச்சில் வரப்போகிற பெயர். கருவாடு என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம். கூடையோடு நின்ற செலஸ்தீனாள் முத்துச் சந்து என்றாள். வலைக்காரர் கஸ்பார் பவளச் சந்து என்றார். மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்த ரெமிஜியாள் கொஞ்சம் யோசித்து ரோஜாச் சந்து என்றாள். அந்த ஊர் உப்பு மண்ணில் ரோஜா முளைத்து யாரும் பார்த்ததில்லை.

சந்துக்குப் பயம் வந்துவிட்டது. "யக்கா செலஸ்தீனாக்கா, கருவாட்டுச் சந்துல நிக்கேன், வெரசா வான்னு நேத்துதானே மகள்கிட்ட போன்ல சொன்ன?"

"அது வீட்டுப் பேச்சு. இது கவர்மெண்டுப் பேச்சு. நீ சும்மா கெட" என்றாள் அவள்.

மூன்று பெயரும் ஒன்றோடொன்று சேரவில்லை. அப்படியொரு வழி இல்லை என்று பதிவேடு கோடு போட்டது. மூடிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டது.

ஒரு வாரத்தில் மதில்கள் இரண்டும் கை கோத்துக்கொண்டன. மறுநாள் காலை கூடைகள் மதிலில் முட்டி நின்றன. சுற்றிக்கொண்டு போவதற்குள் பஸ் போய்விட்டது. மீன் வெயிலில் கிடந்து கெட்டது.

ஊரே திரண்டு தாலுகா ஆபீசுக்குப் போனது. கருவாட்டுச் சந்து எங்கே, கருவாட்டுச் சந்தைத் தின்றது யார் என்று நாற்பது பேர் சேர்ந்து கத்தினார்கள். கஸ்பார் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

பதிவேடு அட்டையை லேசாகத் திறந்தது.

"அன்னைக்கு நாறுன பேரு, இன்னைக்கு மணக்குதோ?"