கூவாத மூடி

கோயம்புத்தூர் பீளமேட்டில் சென்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். பம்ப் கம்பெனியில் இருபது வருடம் பார்த்த வேலையை உதறிவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஸ்டார்ட்அப் தொடங்கியவர். இட்லி மாவு பொங்கிப் பதமானதும் சேவல் மாதிரி கூவும் ஒரு மூடியை அவர் கண்டுபிடித்திருந்தார்.

சனிக்கிழமை கண்காட்சி. அதற்குள் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். வழி தெரியாமல், காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதித் தரும் மெஹருன்னிசாவைத் தேடி புதன்கிழமை போனார். அந்தப் பெண் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"இதுல நீங்கதானுங்க எனக்குக் குரு" என்று கும்பிட்டார்.

"உட்காருங்க சார். என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க?"

"அதைச் சொல்ல மாட்டனுங்க."

பையிலிருந்து மூன்று பக்கத் தாளை எடுத்து நீட்டினார். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று குரு எழுதித் தர வேண்டுமாம். மெஹருன்னிசா நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

சென்னியப்பன் ஜன்னல்களைச் சாத்தினார். தண்ணீர் கேன் போட வந்தவரைக் கீழே அனுப்பினார். பேச்சு வெளியே கேட்டுவிடாதபடி மின்விசிறியை ஐந்தில் வைத்தார். அந்த இரைச்சலில் குருவுக்கும் கேட்கவில்லை. கடைசியில் மூடியின் ரகசியத்தைத் தொண்டை கிழியக் கத்திச் சொன்னார்.

குரு எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

"ஒருத்தருக்கும்?"

"வீட்ல தெரியும். மச்சானுக்குத் தெரியும், நான் இங்க வந்த கார் அவரோடது. அப்புறம் கூடப் படிச்சவங்க வாட்ஸப் குரூப். அதுல போட்டோ மட்டுந்தானுங்க."

குரு கணினியில் அவர் பெயரைத் தட்டித் தேடிவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

திரையில் சென்னியப்பன் நின்றார். கையில் கரண்டி. மூடிக்குள் கண் மாதிரி ஒரு சென்சார் இருப்பதையும், மாவு எத்தனை அங்குலம் ஏறினால் அது கூவும் என்பதையும் பதினொரு நிமிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவரே யூடியூபில் போட்டது. போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

"அட, இருநூத்திப் பன்னெண்டு பேர் பார்த்திருக்காங்க!" அவர் முகம் மலர்ந்தது.

"பேட்டன்ட் ஆபீஸ்ல விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவர் இருநூத்திப் பதிமூணாவது ஆளாப் பார்ப்பார் சார். ஊருக்கே தெரிஞ்சதைப் புதுசுன்னு ஏத்துக்க மாட்டார்."

மலர்ந்த முகம் அப்படியே வாடிப்போனது.

"இப்பவே அழிச்சிர்றனுங்க."

"அழிக்கலாம். பார்த்தவங்க கண்ல இருந்து எப்படி அழிப்பீங்க?"

சென்னியப்பன் நாற்காலியில் சாய்ந்தார். உதறிவிட்டு வந்த வேலை நினைவுக்கு வந்தது. மூன்று வருடமாகச் சாக்கடையில் கொட்டிய மாவு நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

குரு அவரிடம் பேனாவும் தாளும் கொடுத்தார்.

"வீடியோவை முதல்ல இருந்து பாருங்க. இதுல நீங்க சொல்லாததை மட்டும் எழுதுங்க."

பதினொரு நிமிடம் ஓடியது. தாள் வெள்ளையாகவே இருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டனுங்க" என்றார் பரிதாபமாக. "கோத்தகிரி ஒண்ணைத் தவிர."

"கோத்தகிரில என்ன?"

"அது வேண்டாமுங்க."

"சார், நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மாமியார் வீடுங்க. மார்கழிக் குளிர். அங்க மாவு அவ்வளவு உயரம் ஏறலை. மூடி ரெண்டு நாளாக் கூவலை. நான் சொன்னேன்னு அவங்களும் காத்திருந்தாங்க. மூணாம் நாள் புளிச்ச மாவைக் கொட்டிட்டு, வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தி முன்னாடி எனக்கு ரெண்டு துண்டு பிரெட்டை வெச்சாங்க."

குரு சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் எட்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டனுங்க. இப்ப மூடி உயரத்தைப் பார்க்காது. ஏறுற வேகத்தைப் பார்க்கும். வேகம் தளர்ற நேரந்தான் பதம். குளிரோ வெயிலோ, சரியாக் கூவும். போன வாரந்தான் முடிஞ்சுது."

"இதை மாமியார்கிட்ட சொன்னீங்களா?"

"மூடின்னு ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிர்றாங்க."

"மச்சான்? வாட்ஸப்?"

"தோத்த கதையை யாருங்க சொல்லுவாங்க?"

குரு கணினியைத் தன் பக்கம் திருப்பினார். எழுத ஆரம்பித்தார். வியாழன் முழுக்கச் சென்னியப்பன் எதிரில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கோத்தகிரி மட்டும் விண்ணப்பத்தில் ஒன்பது பக்கம் வந்தது. மாமியார் பெயர் எங்கும் வராமல் குரு பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் விண்ணப்ப எண் வந்தது. பேட்டன்ட் கிடைக்க இன்னும் நாளாகும், ஒரு வருடத்துக்குள் முழு விவரமும் தர வேண்டும், ஆனால் தேதி பதிந்துவிட்டது, நாளைக்குக் கண்காட்சியில் தாராளமாகப் பேசலாம் என்றார் குரு.

சென்னியப்பன் எண்ணை மூன்று முறை வாசித்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"குருவே, மூடி கூவுறதுதானுங்க விஷயமே. அதை விட்டுப்போட்டு, வெளிய சொல்லவே கூசின ஒட்டு வேலைக்குப் போய் நம்பர் வாங்கித் தந்திருக்கீங்களே?"

"பெருமையா இருந்ததையெல்லாம் நீங்க ஏற்கெனவே ஊருக்குக் கொடுத்துட்டீங்க சார்" என்றார் மெஹருன்னிசா. "வெட்கப்பட்டதாலதான் இது ஒண்ணாவது உங்க கையில மிஞ்சுச்சு."